தவறாமல் என்றால் சமமாகவா?

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு மளிகைக்கடை மாடியில், ஞாயிறு காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். மற்ற ஆறு நாளும் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் இலைக் கணக்கு எழுதும் வேலை. ஆறு வருடமாக இப்படித்தான் போகிறது. வகுப்பில் எத்தனையோ கேள்விகள் வரும், பதில் சொல்லிவிட்டு வீடு திரும்பும்போதே பாதி மறந்திருக்கும். ஆனால் போன ஐப்பசியில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, சோலூர்மட்டம் பக்கமிருந்து வரும் ஒரு பெண் கேட்டது மட்டும் அப்படிப் போகவில்லை. நான் அவளுக்குச் சொன்ன பதில் தப்பு. அது எப்படித் தப்பு என்று எனக்கே விளங்க ஒரு வாரம் ஆனது.

டேட்டா சஃபிஷியன்சி, அதாவது கொடுத்த தகவல் விடை சொல்லப் போதுமா என்று பார்க்கிற கேள்வி வகை, என்றாலே பிள்ளைகளுக்கு ஒரு மிரட்சி இருக்கிறது. வட்டிக் கணக்கு, ரயில் கணக்கு, நாலு ஆள் சேர்ந்து சுவர் கட்டுகிற கணக்கு எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் அங்கே கடைசியில் ஒரு எண் வரும், அது விடைப்பட்டியலில் இருந்தால் மனசு நிம்மதியாகும். இதில் எண்ணே கேட்பதில்லை. ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்று, சில வங்கித் தேர்வுகளில் மூன்று. முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, ஏதாவது ஒன்று இருந்தாலே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் முடியுமா, சேர்ந்தாலும் முடியாதா என்று கேட்டு நிறுத்திவிடுவார்கள். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் இந்த ஐந்து விடைகளின் வரிசை மாறாது, நாலு நாளில் மனப்பாடம் ஆகிவிடும். வங்கித் தேர்வில் அந்த வரிசையை நம்ப முடியாது, அதனால் மேலே இருக்கும் அறிவுறுத்தலைப் படிக்காமல் கை வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும் இடத்தில் அது சின்ன விஷயமில்லை.

இதைச் சொல்லித்தர நான் எப்போதும் எடுப்பது மாதச் சேமிப்புக் கணக்கைத்தான். எல்லார் வீட்டிலும் ஒரு ஆர்டியோ (மாதத் தவணைச் சேமிப்பு) சீட்டோ மகளிர் குழுச் சேமிப்போ இருக்கும், புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை. கணக்கும் எளிது: ஏற்கெனவே இருந்த பணம், அதோடு மாதத் தொகையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் முடிந்தது. இந்த ஒற்றை வரிக்குள் எத்தனை குழி தோண்டலாம் என்பதுதான் கேள்வி தயாரிக்கிறவரின் சாமர்த்தியம்.

எனக்கு மிகப் பிடித்த குழி ஒன்று உண்டு. ஒருவர் மாதாமாதம் ஒரே தொகையைச் சேமிக்கிறார், ஓராண்டில் எவ்வளவு சேமித்தார்? முதல் கூற்று: மாதம் 500 ரூபாய் கூடுதலாகப் போட்டிருந்தால் ஆண்டுச் சேமிப்பு 6,000 ரூபாய் கூடியிருக்கும். இரண்டாம் கூற்று: 8 மாதத்தில் சேர்ந்தது 5 மாதத்தில் சேர்ந்ததைவிட 4,500 ரூபாய் அதிகம். முதல் கூற்றைப் பார்த்ததும் பாதி வகுப்பு பேனாவை எடுத்துவிடும். இரண்டு எண் இருக்கிறது, ஏதோ கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் 500-ஐ 12-ஆல் பெருக்கினால் 6,000, அது யார் சேமித்தாலும் 6,000தான். மாதம் நூறு போடுகிறவருக்கும் அது உண்மை, லட்சம் போடுகிறவருக்கும் உண்மை. எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு வாக்கியம் இவரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டாவது கூற்றோ, 3 மாதத்துக்கு 4,500, மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000 என்று ஒரே மூச்சில் முடித்துவிடும். இந்தக் கணக்கு புரிந்த அன்று பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். எண் இருந்தாலே தகவல் இருக்கிறது என்ற நினைப்பு அன்றோடு போய்விடும்.

இன்னொன்று. கணக்கில் முன்பே கொஞ்சம் பணம் இருக்கிறது, மாதம் 2,000 போடுகிறார் என்று மட்டும் தெரிகிறது. ஆண்டு முடிவில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால் சொல்ல முடியாது. ஆண்டு முழுக்க எவ்வளவு கூடும் என்று கேட்டால் 24,000 என்று உடனே சொல்லலாம். தகவல் அதேதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. போதும், போதாது என்பது கேள்வியைப் பொறுத்தது. இதைப் பலகையில் எழுதி அடிக்கோடு வேறு போடுவேன், வாராவாரம். எழுதிக்கொண்டே இருந்தும் எனக்கே அது முழுசாக ஏறவில்லை என்பது அந்த ஐப்பசியில்தான் தெரிந்தது.

அந்தக் கேள்வி

ஒரு பயிற்சிப் புத்தகத்திலிருந்து எடுத்த கணக்கு அது. பெரிய தேர்வுகள் சிலவற்றின் கேள்வி ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பதால் முதலில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்காகத் தமிழிலும் சொல்வது என் வழக்கம். பலகையில் இப்படி எழுதினேன்: ஒருவர் மாதந்தோறும் தவறாமல் சேமிக்கிறார். ஓராண்டில் அவர் சேமித்தது எவ்வளவு? முதல் கூற்று: முதல் மூன்று மாதங்களில் சேமித்தது 4,500 ரூபாய். இரண்டாம் கூற்று: கடைசி மூன்று மாதங்களில் சேமித்ததும் முதல் மூன்று மாதங்களில் சேமித்ததும் ஒன்றே. புத்தகத்தின் விடை, முதல் கூற்று மட்டும் போதும். மூன்று மாதத்துக்கு 4,500 என்றால் மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. இரண்டாவது கூற்று சும்மா ஆளை இழுக்க வைத்தது.

எல்லாரும் அந்த விடையைச் சொன்னார்கள். சோலூர்மட்டம் பெண் மட்டும் கையைத் தூக்கி, இரண்டும் சேர்ந்தாலும் போதாது என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"நடுவுல ஆறு மாசம் இருக்கே அக்கா, அதுல எவ்வளவு போட்டார்னு எங்கயும் சொல்லலையே."

"மாசாமாசம் தவறாம போடுறார்னு போட்டிருக்கே."

"தவறாமன்னா சமமாவா அக்கா?"

கேட்ட தொனியில் எதிர்ப்பு எதுவும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அடுத்து இன்னும் ஏழு கணக்கு இருந்தது, மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. "ரொம்ப யோசிக்காதம்மா, பரீட்சைல சமம்னு எடுத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். சரிக்கா என்று நோட்டில் எதையோ அடித்துத் திருத்திக்கொண்டாள். அந்த அடித்தல்தான் எனக்குக் கண்ணிலேயே நின்றது. சரியாக யோசித்த ஒன்றை அவளே தன் கையால் அடிக்கும்படி நான் செய்துவிட்டேனோ என்ற எண்ணம் பஸ்ஸில் ஏறியதும் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் ஃபேக்டரியில் மாதக் கணக்கு முடிக்கிற வேலை. இலை போடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். தினம் எத்தனை கிலோ, மழைநாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழித்தது, அந்த மாத விலை, அதிலிருந்து பிடித்தம் செய்யும் அட்வான்ஸ், உரக்காசு, வண்டிக்கூலி. முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவரின் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் 86 கிலோ, பிப்ரவரியில் 70, மே மாதம் 412, ஜூன் 390, ஆகஸ்டில் விழுந்து, அக்டோபரில் மறுபடியும் 365. ஒரு மாதம்கூட அவர் இலை போடாமல் இருந்ததில்லை. தவறாமல் போட்டிருக்கிறார். எந்த இரண்டு மாதமும் ஒன்றுபோல் இல்லை. வருடக்கணக்காக இந்தக் கணக்கைக் கையால் எழுதுகிற எனக்கு, அந்த வார்த்தைக்கு இங்கே என்ன அர்த்தம் என்று அவள் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. அவள் வீட்டிலும் தேயிலைதான். பனி விழுந்து கொழுந்து கருகிய மாதமும், மழை நின்று வெயில் அடித்ததும் கொழுந்து தள்ளிக்கொண்டு வருகிற மாதமும் ஒரே தொகையைத் தரும் என்று அவளுக்கு ஏன் தோன்ற வேண்டும்?

அட்டை

அன்றைக்கு இரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை, ஆனால் காசுக் கணக்கில் என்னைவிடக் கெட்டி. மற்றவர் தோட்டத்தில் கொழுந்து பறித்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். நான் எட்டாவது படிக்கும்போது, 2005 ஜூன் மாதம், அஞ்சலகத்தில் மாதம் 500 ரூபாய்க்கு ஐந்து வருட ஆர்டி ஒன்று ஆரம்பித்தார். வீட்டுக்கே வந்து பணம் வாங்கிப் போகிற முகவர் அக்கா ஒருவர் இருந்தார். 60 மாதம் முடிந்து 2010-இல் கைக்கு வந்தது 36,445 ரூபாய். அப்போது ஏழரை சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்ப்பார்கள். அந்தப் பணம்தான் நான் கல்லூரிக்குப் போன பணம். அந்த எண்ணை மட்டும் நான் எப்போதும் மறப்பதில்லை.

"நீங்கதாம்மா சமமா போட்டீங்க, அறுபது மாசமும் ஐநூறு" என்றேன்.

அம்மா எழுந்து போய் ரேஷன் கார்டும் பழைய ரசீதும் வைத்திருக்கும் தகர டப்பாவிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்தார். பாஸ்புத்தகத்தைக் கணக்கு முடிக்கும்போது அஞ்சலகத்திலேயே கொடுத்துவிட்டோம். இது முகவர் அக்கா பணம் வாங்கும்போது கையெழுத்துப் போட்டுத் தருகிற அட்டை. மடித்த இடத்தில் கிழிந்து, பின்பக்கம் சாதம் வைத்து ஒட்டிய காகிதம் பழுத்துப் போயிருந்தது. வரிசையாக மாதம், தொகை, தேதி, கையெழுத்து. தொகை எல்லா வரியிலும் 500. அதைத்தான் காட்ட எடுத்து வந்தார் என்று நினைத்தேன். அம்மா விரலை வைத்தது தேதியில்.

பெரும்பாலான மாதங்களில் 4, 6, 5, 7 என்று மாதத் தொடக்கத்திலேயே கட்டியிருக்கிறார். ஜனவரி 13. பிப்ரவரி 14. மார்ச் 14. அடுத்த வருடமும் ஜனவரி 13, பிப்ரவரி 15. மாதத்தின் முதல் பாதியில் ஆரம்பித்த ஆர்டிக்கு 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், அது தாண்டினால் தவணை தவறியதாக ஆகிவிடும். ஐந்து வருடத்திலும் பனிக்கால மாதங்கள் எல்லாமே அந்தக் கெடுவை ஒட்டியே நின்றன.

"இந்த மாசத்துக்கெல்லாம் எங்கருந்து காசு? பொங்கலுக்கு முன்னாடி அந்தக்கா வந்து நிக்கும். கடைக்காரர்கிட்ட வாங்கிக் கட்டுவேன். ரெண்டு வருசம் தோடு போச்சு அடகுக்கு. மே மாசம் கொழுந்து வந்ததும் மீட்டுருவேன்."

தோடு அடகு போனது எனக்குத் தெரியாது. பதிமூன்று வயதில் அம்மா காதில் வேப்பங்குச்சி இருந்தது ஞாபகம் இருக்கிறது, புண் என்று சொன்னார், நம்பினேன்.

நான் கணக்குப் பார்க்கிற ஆள், அதனால் வாயில் முதலில் வந்தது கணக்குத்தான். நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி என்றால் 500 ரூபாய்க்கு நாலு மாதத்தில் 40 ரூபாய். ஆர்டியில் ஒரு தவணை தள்ளிப்போனால் அபராதம் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், 500-க்கு 5 ரூபாய், நாலு மாதம் கழித்துக் கட்டியிருந்தாலும் 20 ரூபாய்தான். தவணை நாலு தவறும் வரை கணக்கும் நின்றுபோகாது. கடன் வாங்காமல் அபராதம் கட்டியிருக்கலாமே அம்மா என்றேன்.

"தெரியும் பாப்பா. அந்தக்கா அப்பவே சொல்லுச்சு. ஒரு மாசம் விட்டா அடுத்த மாசமும் விடலாம்னு தோணும். நாம எத்தன தடவ அப்படி விட்டவங்க."

அட்டையை மறுபடியும் மடித்து டப்பாவில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை வருடமும் அந்த 36,445-ஐ நான் அறுபது சமத் துண்டாகவே நினைத்து வந்திருக்கிறேன். மாதம் 500, அதற்கு வட்டி, கூட்டினால் வந்துவிடும். முதிர்வில் எவ்வளவு வரும் என்ற கேள்விக்கு அட்டையின் தொகைப் பத்தி போதும், ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்மா அந்த ஜனவரியில் எவ்வளவு சேமித்தார் என்று கேட்டால்? அட்டை 500 என்கிறது. வீட்டுக் கணக்கு, 500 கடன், அதற்கு மேல் வட்டி என்கிறது. சேமிப்பு அந்த மாதம் பூஜ்யத்துக்கும் கீழே. மே மாதமோ, அந்த மாதத்து 500-ஐயும் கட்டி, பழைய கடனையும் வட்டியோடு அடைத்து, தோட்டையும் மீட்டிருக்கிறார், அட்டை அதற்கும் 500 என்றுதான் எழுதுகிறது. தேதிப் பத்தி மட்டும் ஏதோ ஒன்றைச் சொல்ல முயன்றிருக்கிறது, ஆனால் அதுவும் தனியாகப் போதாது, முகவர் அக்காதான் தாமதமாக வந்தார் என்றும் படிக்கலாம். அம்மா சொன்ன இரண்டு வரி கூடச் சேர்ந்த பிறகுதான் அந்த மாதங்கள் எனக்குத் தெரிந்தன.

மேலிருந்து பார்த்தால் சமமாகத் தெரிவதற்கு அடியில் யாரோ ஒருவர் மேடு பள்ளத்தை நிரவிக்கொண்டே இருக்கிறார். ஆர்டி ஒரே தொகை கேட்கும், கொழுந்து ஒரே தொகை தராது, நடுவில் இருக்கிற வித்தியாசத்தை அம்மா தன் காதால் கட்டினார். சோலூர்மட்டம் பெண் கேட்டதும் இதைத்தான். அந்த நடு ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். நான் ரொம்ப யோசிக்காதே என்றேன்.

அடுத்த ஞாயிறு

பரீட்சை என்ற பக்கத்தையும் விட்டுவிட முடியாது, பிள்ளைகள் என்னிடம் வருவது வேலை வாங்கத்தான். அதனால் வாரம் முழுக்கப் பழைய கேள்விகளாகப் புரட்டினேன். கவனமாகத் தயாரித்த கேள்விகளில் ஒரே தொகை, நிலையான தொகை, சம தவணை என்று எங்காவது ஒரு சொல் கட்டாயம் இருக்கிறது. அவசரமாக அச்சடித்த பயிற்சிப் புத்தகங்களில்தான் அந்தச் சொல் விடுபட்டுப் போகிறது. என் முடிவு இதுதான்: அந்தச் சொல் இருந்தால் சமம், இல்லாவிட்டால் சமம் என்று நாமாகச் சேர்க்கக் கூடாது. டேட்டா சஃபிஷியன்சியில் பாதித் தப்பு கணக்குத் தெரியாததால் வருவதில்லை, கொடுக்காத ஒன்றைக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வதால் வருகிறது. வருமானத்தில் பத்து சதவீதம் சேமிக்கிறார் என்றால் வருமானம் மாறாது என்று யார் சொன்னது? ஆறு மாதத்தில் 12,000 சேர்ந்தது என்றால் முதலில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார் என்று எங்கே இருக்கிறது? கொடுத்ததைக் கொஞ்சமும் விடக் கூடாது என்பதும் இதே மாதிரிதான். மாதம் நூறின் மடங்காக ஒரே தொகை, மொத்தம் 2,300, ஒரு மாதத்துக்கு மேல் சேமித்தார் என்றால், மாதத் தொகையைச் சொல்லவே இல்லையே என்று விட்டுவிடுவார்கள். 23 பகா எண், வேறு வழியே கிடையாது, 23 மாதம் நூறு நூறாகப் போட்டிருக்கிறார். அந்த "மடங்கு" என்ற ஒரு சொல்லில் விடை இருக்கிறது.

அந்த ஞாயிறு வகுப்புக்குப் போனதும் முதல் வேலையாக அதே கணக்கை மறுபடியும் பலகையில் எழுதினேன். போன வாரம் நான் சொன்னது தப்பு, இவள் சொன்னதுதான் சரி, தவறாமல் என்ற சொல்லுக்குள் சமம் இல்லை என்றேன். அவள் முகம் சிவந்து, நோட்டைத் திறந்து, அடித்ததற்கு மேலே மறுபடியும் எழுதினாள். பின்வரிசைப் பையன் ஒருவன், அப்ப பரீட்சைல புத்தகத்தோட விடையைப் போட்டாத்தானே மார்க்கு என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்தச் சொல் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடு, இல்லையென்றால் துணிந்து போதாது என்று போடு, ஒரு கால் மதிப்பெண் போனாலும் பரவாயில்லை என்றேன். இதை இன்னும் அப்படியே நம்புகிறேன்.

அப்புறம் அம்மாவின் அட்டையைப் பற்றிச் சொன்னேன். தோடு விஷயத்தைச் சொல்லவில்லை, கடன் வாங்கிக் கட்டினார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சொல்லி முடித்ததும் நீங்களே ஆளுக்கொரு கணக்கு எழுதுங்கள் என்று பத்து நிமிடம் கொடுத்தேன். பெரும்பாலும் நான் போட்டதையே எண்ணை மாற்றி எழுதியிருந்தார்கள். அவள் எழுதியதை எழுந்து வந்து பலகையில் போடச் சொன்னேன்.

"ஒரு அம்மா அஞ்சலகத்தில் மாதம் ரூ. 1,000 வீதம் சம தவணையாகக் கட்டுகிறார். ஓராண்டில் அவர் உண்மையில் சேமித்தது எவ்வளவு? (1) 12 தவணையும் கட்டி முடித்தார். (2) ஆண்டு முடிவில் அவருக்கு ரூ. 3,500 கடன் இருக்கிறது."

வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தால் போதும், 8,500 என்றான் ஒருவன். ஆண்டுத் தொடக்கத்தில் கடன் இருந்ததா இல்லையா என்று சொல்லவில்லையே, எப்படிப் போதும் என்றாள் இன்னொருத்தி. கடன் எதற்கு வாங்கியது, ஆஸ்பத்திரிக்கா ஆர்டிக்கா, அதுவும் தெரிய வேண்டாமா என்று மூன்றாவது ஆள். கையில் வைத்திருக்கிற காசு? ஆட்டுக்குட்டி வாங்கி விட்டிருந்தால் அது சேமிப்பில் வருமா? எழுதியவளைப் பார்த்தேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் சொல்வதையும் மூன்றாவது கூற்று, நாலாவது கூற்று என்று கீழே எழுதிக்கொண்டே போனாள். பலகை நிறைந்து, ஓரத்தில் செங்குத்தாக எழுத ஆரம்பித்தாள். சோலூர்மட்டம் பஸ் கீழே ஹாரன் அடித்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்க்கிறேன் அக்கா என்றாள்.